நான் கணக்கில் எழுதாத வாயு

“அகற்றப்பட்ட நைதரசன், தீங்கற்ற நைதரசன் வாயுவாக வளிமண்டலத்தில் கலக்கிறது.”

பதுளை மாவட்டத்தில் ஒரு நிறுவனத்தின் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்டுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். சுற்றாடல் பற்றிய வருடாந்த அறிக்கையில் மேலே உள்ள வரியை எழுதியவன் நான். முதல் தடவை நம்பித்தான் எழுதினேன். டிப்ளோமாவுக்குப் படித்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பிறகு வந்த வருடங்களில் அதே வரியை வெட்டி ஒட்டினேன். அப்போது அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். யாரும் வற்புறுத்தவில்லை. மேலிடத்தில் அந்தப் பக்கத்தை யாராவது வாசித்தார்களா என்பதே சந்தேகம். பழியை நிறுவனத்தின் தலையில் கட்ட ஒரு வழி கிடைக்குமா என்று இதை எழுத உட்கார்ந்தபோதும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தப்பைச் சொல்வதற்கு முன் தொட்டியைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் எங்கே ஒளிந்துகொண்டேன் என்பது விளங்காது.

ஊவாவில் பொதுக் கழிவுநீர்த் திட்டம் என்று எனக்குத் தெரிந்தது கதிர்காமத்தில் உள்ளதுதான். இந்த மலைப் பக்கங்களில் பெரிய இடங்கள் தங்களுக்கென்று சின்னச் சின்ன பிளான்ட் வைத்துக்கொள்ளும். வீடுகளுக்கும் லயங்களுக்கும் குழிதான். எங்களுடையது எஸ்.பி.ஆர். வகை. ஒரே தொட்டி. நிரப்புவது, கலக்குவது, காற்று ஊதுவது, மண்டியைத் தங்க விடுவது, தெளிந்த தண்ணீரை இறக்குவது என்று எல்லா வேலையும் அந்த ஒரே தொட்டிக்குள் சுற்றுச் சுற்றாக நடக்கும். மலசலகூடத்திலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருகிற நைதரசன் பெரும்பாலும் அமோனியாவாகத்தான் அதற்குள் நிற்கும். புளோவர் ஓடிக் காற்றுக் குமிழி மேலே வரும்போது ஒரு கூட்டம் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் அதை வாங்கி நைத்திரேற்றாக்கும். இந்த வேலைக்கு ஒட்சிசன் தாராளமாக வேண்டும். ஒரு கிராம் அமோனியா நைதரசனுக்கு நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் போகும். பிளான்டின் மின்சாரக் கட்டணத்தில் பாதிக்கு மேல் புளோவர் விழுங்குவது அதனால்தான்.

புளோவரை நிறுத்தியதும் வேறு கூட்டம் வேலைக்கு இறங்கும். சுவாசிக்க ஒட்சிசன் இல்லாத அந்த நேரத்தில் இவை நைத்திரேற்றிலிருக்கும் ஒட்சிசனைப் பிய்த்து எடுத்துக்கொள்ளும். நைத்திரேற்று நைத்திரைற்றாகும், அது நைத்திரிக் ஒட்சைட்டாகும், அது நைதரசு ஒட்சைட்டாகும், கடைசியில்தான் நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நாலு பங்காக இருக்கும் நைதரசன் வரும். என் அறிக்கை இந்தக் கடைசிப் பெயரை மட்டும் சொன்னது. அதற்கு முந்திய பெயரைச் சொல்லவில்லை.

நைதரசு ஒட்சைட்டை நைதரசனாக்கும் நொதியத்தைப் போல நோஞ்சான் இந்த வரிசையில் இல்லை. கொஞ்சம் ஒட்சிசன் பட்டால் படுத்துவிடும். நீரில் அமிலம் கூடினால் படுத்துவிடும். பற்றீரியாவுக்குத் தின்ன சேதனக் காபன் பற்றாக்குறையானாலும் படுத்துவிடும். மற்றப் படிகள் எல்லாம் நடந்துகொண்டே இருக்க இது மட்டும் நின்றுபோனால் நைதரசு ஒட்சைட்டு தேங்கிக் குமிழியோடு மேலே போய்விடும். காற்று ஊதும் நேரத்திலும் கசிவு உண்டு. ஒட்சிசன் அரைகுறையாகவும் நைத்திரைற்று நிறையவும் இருக்கும்போது, அமோனியாவைத் தின்னும் பற்றீரியாவே அந்த நைத்திரைற்றைத் திருப்பிப்போட்டு இதே வாயுவை உண்டாக்கும். அமோனியா நிறைந்து காற்றில்லாமல் கிடந்த தொட்டியில் திடீரென்று புளோவரைத் திறந்துவிட்டாலும் வாயு குபீரென்று எழும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பல் வைத்தியர்கள் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கிற அதே வாயு. வானத்துக்குப் போனால் நூறு வருடத்துக்கு மேல் நிற்கும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் இதில் ஒரு கிலோ 273 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். இந்த நூற்றாண்டில் மனிதர் வெளியேற்றும் ஓசோன் அரிப்பான்களில் முதலிடம் இதற்குத்தான் என்று ரவிசங்கராவும் அவருடைய சகாக்களும் 2009இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்போது தெரியும்? படிக்கிற காலத்தில் ஒரு பந்தியளவு தெரியும். 2019க்குப் பிறகு நன்றாகவே தெரியும். அந்த வருடம் ஐ.பி.சி.சி. என்ற சர்வதேசப் பருவநிலைக் குழு, வாயு வெளியேற்றத்தைக் கணக்கிடுவதற்கான தன் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியைத் திருத்தி வெளியிட்டது. பழைய வழிகாட்டியில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொடுத்திருந்த எண் ஆளொன்றுக்கு வருடத்துக்கு 3.2 கிராம் நைதரசு ஒட்சைட்டு. உலகம் முழுவதற்கும் பொருந்தும் என்று கொடுத்த அந்த எண் அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தின் டர்ஹம் என்ற சின்ன ஊரிலிருந்த ஒரே ஒரு பிளான்டில் அளந்தது. 1995இல் வெளியான ஆய்வு. நைதரசன் அகற்றவென்று அமைத்த பிளான்டும் அல்ல அது. 2019இன் திருத்தத்தில், காற்றூட்டும் நிலையங்களுக்குள் வரும் நைதரசனில் 1.6 வீதம் இந்த வாயுவாகப் போவதாக எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இடையில் பலர் அளந்துவிட்டார்கள். ஹெல்சிங்கியில் மலைப்பாறையைக் குடைந்து கட்டிய விகின்மாக்கி நிலையத்தில் வெளியேறும் காற்று எல்லாம் ஒரே வழியாகப் போவதால் தொடர்ந்து அளக்க முடிந்தது: 1.9 வீதம். ரொட்டர்டாம் பக்கத்து கிராலிங்ஸ்வேர் நிலையத்தில் ஒரு வருடத்துக்கு மேல் அளந்ததில் 2.8 வீதம். அங்கே பிளான்டின் மொத்தப் பருவநிலைப் பாதிப்பில் முக்கால் பங்கு இந்த வாயுவிலிருந்துதான். மின்சாரம், மெதேன் எல்லாம் மிச்சக் காலுக்குள் அடங்கிவிட்டன. 2009 வரை வந்த அளவீடுகளைத் தொகுத்தவர்கள் சில நிலையங்களில் பூச்சியம், சிலவற்றில் 14 வீதத்துக்கு மேல் என்று கண்டார்கள். எந்த பிளான்ட் எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதை ஓட்டுகிறவன்.

பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் என் மேசையில் எப்படி இருந்தது என்று கணக்கிட்டுக் காட்டுகிறேன். ஓர் ஆளிடமிருந்து வருடத்துக்கு 4 கிலோ நைதரசன் வருகிறது என்று வைத்தால் 1,000 பேருக்கு 4,000 கிலோ. அதில் 1.6 வீதம், 64 கிலோ. ஒட்சிசனின் நிறையும் சேர்ந்து வாயுவாகும்போது சுமார் 100 கிலோ. அதை 273ஆல் பெருக்கினால் 27 தொன்னுக்கு மேல் காபனீரொட்சைட்டு. பழைய எண்ணில் போட்டால் அதே 1,000 பேருக்கு 3.2 கிலோ வாயு. ஒரு தொன்னும் வராது. முப்பது மடங்கு வித்தியாசம்.

புதிய அட்டவணை என் கணினியில் இருந்தது. திறந்து பார்த்தேன். இரண்டு எண்ணிலும் கணக்குப் போட்டேன். போட்டுப் பார்த்த பிறகு பழையதைத் தெரிவு செய்தேன். கீழே சின்ன எழுத்தில் ‘சர்வதேச வழிகாட்டியின்படி கணிக்கப்பட்டது’ என்று எழுதினேன். எந்த வருடத்து வழிகாட்டி என்று எழுதவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த தணிக்கைக்காரர் அந்தப் பக்கத்தில் சரி போட்டுவிட்டுப் போனார்.

சின்ன இடத்தில் வேலை செய்கிறவனுக்குப் பெரிய சொற்கள் மேல் ஒரு மோகம் உண்டு. எனக்கு இருந்தது. 2019 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பில் பல நாட்டு அரசுகள் கூடி, நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்குவோம் என்று கொழும்புப் பிரகடனத்தை வெளியிட்டன. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் அமைப்பும் அதில் இருந்தது. செய்தியை வாசித்ததும் அடுத்த அறிக்கையில் ஒரு பந்தி சேர்த்தேன்: கொழும்புப் பிரகடனத்தின் இலக்கை எங்கள் பிளான்ட் ஏற்கெனவே தாண்டிவிட்டது, வரும் நைதரசனில் பாதிக்கு மேல் அகற்றுகிறோம். கூட்டமொன்றில் ஸ்லைடு போட்டு இதைப் பேசவும் செய்தேன், கைதட்டினார்கள். அந்தப் பிரகடனம் விரயம் என்று சொல்வதில் என் தொட்டியிலிருந்து போகும் நைதரசன் வாயுவும் அடக்கம் என்பதை நான் கவனிக்கவேயில்லை. எங்கோ இயற்கை எரிவாயுவை எரித்து, காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்து, யூரியாவாக்கி, கப்பலில் ஏற்றி இறக்கி, இந்த மலைகளில் போடுகிறோம். அது கொழுந்தாகி, மரக்கறியாகி, சோறாகி, மலசலகூடம் வழியாக என்னிடம் வருகிறது. நான் இன்னும் கொஞ்சம் மின்சாரம் எரித்து அதைக் காற்றுக்கே திருப்பி விடுகிறேன். சாதனை என்று நான் ஸ்லைடு போட்டது அவர்கள் குறைக்கச் சொன்ன அதே விரயத்தை.

என் அம்மா இருக்கிற லயத்தில் குழி மலசலகூடம்தான். ஐ.பி.சி.சி.யின் புதிய அட்டவணையில் குழிக்கும் செப்டிக் தொட்டிக்கும் நைதரசு ஒட்சைட்டு பூச்சியம் என்று போட்டிருக்கிறார்கள். குழிக்குள் ஒட்சிசன் கிடையாது. அமோனியா அமோனியாவாகவே கிடக்கும், மெதேன் மட்டும் கிளம்பும். நாங்கள் ஆள் கூட்டிவந்து பெருமையோடு காட்டுகிற நீல விளக்கு வைத்த தொட்டிக்கு 0.016, அதாவது அந்த 1.6 வீதம். குழிதான் நல்லது என்று சொல்ல வரவில்லை. மழைக்காலத்தில் அந்தக் குழி நிரம்பிக் கானில் கலப்பதை மிதித்து வளர்ந்தவன் நான்.

அடுத்தது 2022. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு திருட்டு மகிழ்ச்சி வருகிறது. அதுவும் இந்த வாக்குமூலத்தில் சேர வேண்டியதுதான்.

மார்ச் மாதம் மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. 31ஆம் திகதி 13 மணித்தியாலம். ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்கவில்லை. கிடைத்த டீசல் குளிரறைக்கும் சமையலறைக்கும் போனது. கழிவுத் தொட்டிக்கு யார் கொடுப்பார்கள்? புளோவர் நின்றால் அமோனியா ஏறும். மின்சாரம் வந்ததும் முழு வேகத்தில் திறந்துவிடுவேன். மறுபடி நிற்கும். மறுபடி திறப்பேன். நைதரசு ஒட்சைட்டை அதிகமாக உண்டாக்க எவராவது ஒரு செய்முறை எழுதச் சொன்னால் அந்த மாதத்து இயக்கப் பதிவேட்டைக் கொடுத்திருக்கலாம். அந்த மாதங்களில் நடந்ததற்கு என்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாதுதான். நாடே அப்படிக் கிடந்தது.

ஆனால் ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதம். அப்போது மின்வெட்டு குறைந்துவிட்டது. மின்வெட்டு இல்லாமலே மின்வெட்டைத் தொடர்ந்தவன் நான். மின்வெட்டுக் காலத்தில் ஒன்று கவனித்திருந்தேன்: புளோவரைப் பாதி நேரம் நிறுத்தினாலும் சுற்றாடல் அனுமதிப்பத்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 2008 பெப்ரவரி 1ஆம் திகதி வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதிப்படி உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் தண்ணீரில் அமோனியா நைதரசன் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றிருந்தது. வீட்டுக் கழிவு மாதிரியான தண்ணீருக்கு இது மிகவும் தாராளமான எல்லை. சில நேரம் சுத்திகரிக்காத தண்ணீரே அதற்குள் நிற்கும். உயிரியல் ஒட்சிசன் கேள்வி 30க்குள் இருக்க வேண்டியிருந்தது. அதுதான் கொஞ்சம் இறுக்கமானது, அதற்கு மட்டும் காற்று ஊதினால் போதும். மாதிரி எடுக்க வரும் நாள் முன்கூட்டியே தெரியும். முதல் நாள் இரவு முழுக்க ஓட்டினால் காலையில் கண்ணாடி போலத் தண்ணீர் இறங்கும்.

டைமரை மாற்றினேன். நீண்ட நேரம் நிறுத்தம், பிறகு பலமான ஊதல். மின்சாரப் பாவனை இறங்கியது. மாதாந்தக் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார்கள். மிச்சப்படுத்திய யூனிட்டை காபனாக மாற்றி, இவ்வளவு காபனீரொட்சைட்டைத் தவிர்த்தோம் என்று அறிக்கையிலும் ஏற்றினேன். தொட்டியின் மேலே போன வாயு அந்தக் கணக்கில் இல்லை. இன்னொரு பரிசும் கிடைத்தது: நிறுத்தமும் ஊதலும் மாறி மாறி வந்ததால் வெளியேறும் தண்ணீரில் மொத்த நைதரசன் குறைந்தது. காகிதத்தில் எங்கள் பிளான்ட் அதற்கு முன் அவ்வளவு நன்றாக ஓடியதே இல்லை. கடைசிப் படி இறங்குவதற்குக் காபன் போதவில்லை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. வேறு நாடுகளில் மெதனோல் ஊற்றுவார்கள். நமக்கு அது தேவையேயில்லை. மொனராகலைப் பக்கம் பெல்வத்தையிலும் செவனகலையிலும் சீனி ஆலை இருக்கிறது, மொலாசஸ் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பார்த்திருக்கலாம். அதற்கு ஒரு கடிதம் எழுதி, ஏன் என்று விளக்க வேண்டும். விளக்கினால் இவ்வளவு நாள் என்ன நடந்தது என்று கேள்வி வரும். எழுதவில்லை.

வெளியேறும் தண்ணீரிலும் இந்த வாயு கரைந்து இருக்கும். எங்கள் ஓடை சரிவில் விழுந்து பதுளு ஓயாவைச் சேர்கிறது, ஓயா துன்ஹிந்தவில் விழுந்து மகாவலிக்குப் போகிறது. தண்ணீர் எங்கே அடித்துக் குலுங்குகிறதோ அங்கே கரைந்த வாயு கழன்றுவிடும். அது துன்ஹிந்த வரை காத்திருக்காது. எங்கள் மதிலுக்கு வெளியே முதல் பாறையிலேயே வேலை முடிந்துவிடும். அழகான அருவிகள் உள்ள மாவட்டத்தில் பிளான்ட் ஓட்டுகிறவனுக்கு இது ஒரு வசதி. ஆற்றில் அளந்தால்கூட அகப்படாது.

இதுவரை சொன்னது ஒருவரின் முகத்தைப் பார்த்துச் செய்யாத தப்பு. இதற்கு ஒரு வருடம் முந்தியது வேறு மாதிரி.

2021 மே 6ஆம் திகதி இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து வர்த்தமானி வந்தது. ஊவாப் பருவம், கச்சான் காற்று அடிக்கிற ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் இந்தப் பக்கத்துத் தேயிலைக்கு விலை. அந்த நேரம் பார்த்து மலைகளில் போட யூ மிக்சர் உரம் இல்லை. கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டை ஒட்டி நைதரசன் பற்றி நடந்த கூட்டத்தில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உரையாற்றிய ஒக்டோபர் கடைசியில், பசறை வீதியில் போனால் பஸ்ஸிலிருந்தே மஞ்சளித்த மலைகள் தெரிந்தன. நவம்பரில் தடையை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அந்த வருடம் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது.

அந்த மாதங்களில் ஒரு தோட்டத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. சேற்று மண்டி இருக்குமாமே, கொடுப்பீர்களா என்று. எங்கள் மண்டியை உலர்த்தும் பாத்தியில் போட்டு, பிறகு வளவுக்குள்ளேயே புதைப்பது வழக்கம். புதைக்க இடம் தீர்ந்துகொண்டிருந்தது. லொறி அவர்களுடையது, கூலி அவர்களுடையது, என் தலைவலி தீரும். நைதரசனும் பொசுபரசும் இருக்கிறது என்று ஒரு காகிதம் அடித்துக் கொடுத்தேன். அதற்குப் போட்ட தலைப்பு ‘சேதனப் பசளை’. நோய்க்கிருமிப் பரிசோதனை செய்யவில்லை. பாத்தியில் சில வாரம் காய்ந்த மண்டி அது. மனித மலம் கலந்த மண்டியை 20 பாகைக்குக் குறைந்த குளிரான இடத்தில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வைத்த பிறகே விவசாயத்துக்குத் தொட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. வட்டப் புழுவின் முட்டை அவ்வளவு காலம் உயிரோடு கிடக்கும். பண்டாரவளைப் பக்கத்துக் குளிர் எப்படி என்று தெரியாதவனா நான்? ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் வைத்திருக்கும் தோட்டங்களில் மனிதக் கழிவு மண்டி போடவே கூடாது என்ற விதியும் எனக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துக்கு அது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வார்கள். பதில் தெரிந்தால் கொடுக்க முடியாது.

மண்ணுக்கும் அது நல்லதாக அமைந்திருக்காது. தேயிலைக்கு அமில மண் வேண்டும், 4.5க்கும் 5.5க்கும் நடுவில். என் தொட்டியில் அமிலம் கூடினால் படுத்துவிடுகிற அதே நொதியம் அந்த மண்ணில் வருடம் முழுக்கப் படுத்தே கிடக்கும். யப்பானிலும் சீனாவிலும் அளந்தவர்கள், நைதரசு ஒட்சைட்டு அதிகம் விடும் பயிர்நிலங்களில் தேயிலையை முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமோனியா நிறைந்த ஈர மண்டியை அங்கே கொட்டியதில் என்ன கிளம்பியிருக்கும் என்று ஊகிக்கலாம். தொட்டியில் விட்டது போதாதென்று மலைக்கும் லொறியில் அனுப்பினேன்.

அந்தத் தோட்டத்தில் எனக்குச் சித்தி முறையான ஒருவர் வேலை செய்தார். மண்டியைக் கூடையில் அள்ளித் தேயிலைத் தூருக்குப் போடும் பிரட்டில் அவர் பெயரும் விழுந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனபோது வாசலில் வைத்துக் கேட்டார்:

“தம்பி, ஒங்க எடத்துல இருந்துதான் அந்த ஒரம் வருதாமே? நாத்தம் ஒரு மாதிரி இருக்கு. என்னா அது?”

“எலை, சமையல் கழிவு எல்லாம் மக்க வச்சது சித்தி. கொம்போஸ்ட்தான்.”

“கைல போடலாந்தானே?”

“போடலாம் சித்தி. சோப்புப் போட்டுக் கழுவிக்கங்க.”

“அப்ப சரி. நீ சொன்னா சரிதான்.”

மலையில் சோப்பு எங்கே இருக்கும்? பீலித் தண்ணீரில் கையை அலசிவிட்டு ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவார்கள். கையுறை வாங்கிக் கொடுங்கள் என்று தோட்டத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். அனுமதிப்பத்திரம் கொடுக்கிறவர்களும் தணிக்கைக்காரரும் என்னிடம் கேட்டதெல்லாம் எண்கள். அவற்றுக்கு நான் தந்திரமாகப் பதில் சொன்னேன். இது எங்கிருந்து வருகிறது என்று நேராகக் கேட்டவர் சித்தி மட்டும்தான். அவரிடம் தந்திரம்கூட வேண்டியிருக்கவில்லை. பச்சைப் பொய் போதுமாக இருந்தது.

பிறகு அந்தப் பிரட்டில் யாருக்காவது வயிற்றில் ஏதும் வந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

2024இல் அறிக்கையைத் திருத்தினேன். மனசாட்சி உறுத்தித் திருத்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் 2019இன் திருத்தத்தைப் பயன்படுத்தும் புதிய படிவத்தை அனுப்பியிருந்தார். பழைய எண்ணைப் போட அதில் கட்டமே இல்லை. எங்கள் கழிவுநீர்க் கணக்கு ஒரே வருடத்தில் முப்பது மடங்கு எகிறியது. மேலாளர் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். சூத்திரம் மாறிவிட்டது சேர் என்றேன். அது ஐந்து வருடத்துக்கு முன்பே மாறிவிட்டது என்று சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டைமரை மறுபடி மாற்றியிருக்கிறேன். நீண்ட நிறுத்தத்துக்குப் பதில் குறுகிய சுற்றுகள். நிறுத்தத்துக்குப் பிறகு புளோவரை மெதுவாக ஏற்றுகிறேன். கழிவுநீரை ஒரேயடியாக விடாமல் பிரித்துப் பிரித்து விடுகிறேன், காற்றில்லாத நேரத்தில் பற்றீரியாவுக்கு அதிலேயே காபன் கிடைக்கும் என்பதற்காக. ஒட்சிசன் மானி ஒன்று வாங்கித் தந்தார்கள். நைதரசு ஒட்சைட்டை அளக்கும் மானி இல்லை, கேட்கவும் இல்லை. ஆகவே வாயு குறைந்திருக்கிறதா என்றால், குறைந்திருக்க வேண்டும் என்ற அளவில்தான் என்னால் சொல்ல முடியும். மின்கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதற்கும் விளக்கம் கேட்டார்கள். மோட்டர் பழையதாகிவிட்டது என்றேன். அதுவும் பொய் இல்லை. பழையதுதான்.

மண்டி கேட்டு வேறு தோட்டத்திலிருந்து இந்த வருடமும் போன் வந்தது. பரிசோதித்து இரண்டு வருடம் வைத்த பிறகென்றால் தரலாம் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். பாத்திக்குப் பக்கத்தில் கூரை போட்டு மண்டியை அடுக்கத் தொடங்கியிருக்கிறேன். இடம் ஒரு வருடத்துக்குக் காணும். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று இப்போது உறுதி சொல்ல மாட்டேன்; என்னை எனக்குத் தெரியும்.

சித்தியிடம் சொல்லவில்லை. அறிக்கையைத் திருத்த ஒரு பகல் போதுமாக இருந்தது. சித்தியிடம் சொன்னால் அவரோடு கூடை சுமந்த அத்தனை பேருக்கும் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். அம்மா அந்த லயத்தில்தான் இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, எல்லோருக்கும் கிடைத்திருக்கும் என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன். சித்தி பிள்ளையும் இல்லை, கர்ப்பிணியும் இல்லை. அவர் வாசிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.